கழுத்தில் ஒரு சிவப்பு அம்பு

தையல் ஆலையில் அவளை எல்லோரும் அம்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், அவள் இடுப்புப் பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் சுருள். விரல்நகம் அளவு ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அம்பு. வெட்டுக்குப் போகும் துணி முதலில் அவள் மேசைக்கு வரும். அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன்மேல் துணி நகர்ந்துகொண்டே இருக்க, நூல் அறுந்த இடமோ எண்ணெய்க் கறையோ முடிச்சோ எது கண்ணில் பட்டாலும் "நிறுத்து!" என்று ஒரு சத்தம், உடனே ஓர் அம்பு. வெட்டுகிறவர் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுவார். அவளுடைய "நிறுத்து" கூடத்தின் மறுகோடியில் இஸ்திரி போடுகிறவர்களுக்கும் கேட்கும். அவர்களே சில சமயம் திடுக்கிட்டுப் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

பத்தொன்பது வருடமாக ஒரே மேசை. வந்துபோன சூப்பர்வைசர்கள் அத்தனை பேரும் அவளிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். "கொஞ்சம் கண்டும் காணாம விடுங்கக்கா, சரக்கு இன்னிக்குப் போயாகணும்" என்று யாராவது வந்து குழைந்தால் போதும். "காணாம விடுறதுக்கு நான் எதுக்கு? ஒரு பொம்மையைக் கொண்டாந்து நிக்க வைங்க. அது டீ கூடக் கேக்காது" என்பாள். கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவளும் ஒருமுறை கோட்டை விட்டாள். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம். ஜாக்கெட் தைப்பதற்காக முரட்டுத் துணி ஒன்று வந்தது. நெய்யும்போதே வேண்டுமென்று கரடுமுரடாக, அங்கங்கே புடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நெய்த துணி. வழவழப்பான துணியில் ஒரு முடிச்சு இருந்தால் குருடன் கைக்கும் தட்டும். இந்தத் துணியிலோ எல்லாமே முடிச்சு மாதிரி. "இதோட குணமே இதுதான்" என்று நினைத்து ஓர் அம்புகூட ஒட்டாமல் அனுப்பிவிட்டாள். தைத்து, துவைத்துப் பார்த்தபோது அறுந்த நூலை முடிந்துவிட்டிருந்த இடமெல்லாம் அவிழ்ந்து, ஜாக்கெட் ஜாக்கெட்டாக ஓட்டை. ஒவ்வொன்றின் பையிலும் சரிபார்த்தவளின் எண் போட்ட துண்டுச் சீட்டு. அவளுடைய எண். மொத்தச் சரக்கும் திரும்பி வந்து, கூடத்தின் நடுவே குவிந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் அவள் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது.

அன்று அவளுக்கு வந்த ஆத்திரம் வேறு யார்மேலும் இல்லை, தன்மேல்தான். ஓட்டை விழுந்த ஜாக்கெட் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினாள். உள்பக்கத்தில் நெசவின் புடைப்பு அடங்கியிருந்தது. முடிந்த முடிச்சு மட்டும் தனியாக, கெட்டியாகத் தட்டியது. முரட்டுத் துணி வந்தால் மேலே ஒருமுறை, உள்பக்கம் ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு கையால் ஒருமுறை என்பது அன்றிலிருந்து அவள் வைத்துக்கொண்ட வழக்கம். நேரம் இரட்டிப்பு ஆகும். ஆகட்டும்.

இத்தனையும் சொல்வது அவளுடைய கழுத்துக்காகத்தான்.

கழுத்து விஷயம் ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. எட்டு மணி நேரம் நின்றாலும் அசராதவள் பத்து மணிக்கே மேசையில் சாய ஆரம்பித்தாள். சீப்பைப் பார்த்தால் கொத்துக் கொத்தாக முடி. வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டாள். தெருமுனைக் கிளினிக் டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "உங்க உடம்பே உங்க தைராய்டு சுரப்பியை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்" என்றார். "என் உடம்புக்கே என்கிட்டச் சண்டையா? சரியான ஆளைத்தான் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று மாதத்தில் பழையபடி நிமிர்ந்து நின்றாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அந்த வட்டாரத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். வாசலில் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று உண்டு. மருந்து அலமாரிக்கும் மேசைக்கும் அதிலேயே உருண்டு உருண்டு போய் வருவார். வருடத்துக்கு இரண்டு முறை இவள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போவாள். அவர் சீட்டைப் பார்ப்பார், "நார்மல்" என்பார், மாத்திரையை எழுதுவார். பதினோரு வருடத்தில் அவர் பார்த்ததெல்லாம் சீட்டைத்தான், கழுத்தை அல்ல. அது அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை, மாத்திரையை விழுங்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தாள். விரல் நின்றது. தொண்டைக் குழிக்கு மேலே, இடது பக்கம். மறுபடி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது அது விரலுக்கடியில் மேலே ஏறி இறங்கியது. ஒரு பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கெட்டியாக இருந்தது. சுற்றியிருக்கும் வீக்கம் அவளுக்குப் பழகின வீக்கம், மெத்தென்று இருக்கும். இது அந்த வகை இல்லை.

"என்னங்க, இங்க தொட்டுப் பாருங்க."

அவளுடைய கணவர் மோட்டார் சுற்றுகிறவர். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் செம்புக் கம்பி சுற்றித் திரும்ப உயிர் கொடுக்கிறவர். அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "தைராய்டுதானேம்மா. உனக்குத்தான் பத்து வருஷமா இருக்கே" என்றார்.

"பதினோரு வருஷம்" என்றாள் இவள்.

கிளினிக்கில் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி இரண்டு விரலால் அழுத்தினார். "இந்த நோய் இருக்கிறவங்களுக்குக் கழுத்து மேடு பள்ளமாத்தாம்மா இருக்கும். சீட்டுல அளவெல்லாம் நார்மலா வந்திருக்கு பாருங்க."

"மேடு பள்ளம் எனக்குத் தெரியுங்க டாக்டர். இது வேற."

"பயந்துக்காதீங்க."

"பயமா? நான் பயப்படவே இல்லையே. இது என்னன்னுதான் கேக்குறேன்."

மனசு சமாதானத்துக்கு என்று சொல்லி ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். பக்கத்துத் தெரு ஸ்கேன் நிலையத்தில் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. நீண்ட நாள் அழற்சியால் சுரப்பி முழுவதும் சீரற்று இருக்கிறது, தனிக் கட்டி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்று தாள் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

"சீரா இல்லாத இடத்துல தெளிவா எப்படித் தெரியும்? இன்னொரு தடவை வேற இடத்துல பாக்கணும்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. வாசலில் கூட்டம் வேறு. "ஏம்மா, நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டர். கழுத்து என்னுது."

அவர் பேனாவை மூடினார். இவள் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் அப்படிப் பேசியதற்காக அல்ல. தான் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தோன்றியது.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தாள். வாரம் ஒருமுறை வருகிறவள். வரும்போதெல்லாம் கைபேசியில் பார்த்த வைத்தியத்தை மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். நல்ல மனசு. ஆனால் வாய்க்கும் மனசுக்கும் நடுவே சல்லடை கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, தைராய்டு முத்துனா கேன்சராம். நேத்துதான் ஒருத்தர் பேசுனாரு. அந்த மாத்திரைதான் எல்லாத்துக்கும் காரணமாம். இன்னியோட நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டு?"

"நிறுத்திட்டு... நிறுத்திட்டா சரியாயிடும்."

"பதினோரு வருஷம் முன்னாடி மாத்திரை இல்லாம நான் எப்படிக் கெடந்தேன்னு மறந்துபோச்சா? எனக்கு வாயில சோறு ஊட்டினதே நீதானே" என்றாள் இவள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. பத்து நிமிடம் கழித்துக் கொத்தமல்லி விதையைப் பற்றி ஆரம்பித்தாள்.

இதுதான் அவளுக்கு வந்த சங்கடம். ஒரு பக்கம் "தைராய்டுதானே" என்று தட்டிவிடுகிற கூட்டம். இன்னொரு பக்கம் "தைராய்டா, போச்சு!" என்று ஒப்பாரி வைக்கிற கூட்டம். நடுவிலே ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வா, என்னவென்று பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டாமா? யாரும் சொல்லாததால் அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். "ஒரு நாள் மேசை காலியா கெடந்தா வானம் இடிஞ்சு விழாது" என்றாள்.

அங்கே கழுத்து நோய்ப் பிரிவில் ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். மூன்று மணி நேரம் காத்திருந்தாள். உள்ளே போனவர்கள் எல்லோரும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இங்கேயும் மேலோட்டமாக ஓட்டிவிட்டு, சீரற்று இருக்கிறது, தெளிவாக இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? அப்புறம் எந்தக் கதவைத் தட்டுவது?

இடுப்புப் பைக்குள் கை போனது. பழக்க தோஷம், விடுப்பு நாளிலும் அந்தப் பையைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். எழுந்து கழிப்பறைக்குப் போனாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, கண்ணை மூடினாள். இரண்டு கையையும் பிடரி வழியாக முன்னால் கொண்டுவந்து, எச்சிலை விழுங்கி, விரலுக்கு அடியில் அது ஏறி இறங்கும் இடத்தைப் பிடித்தாள். சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிழித்து அங்கே ஒட்டினாள். வந்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு மெல்ல ஓர் ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

ஸ்கேன் டாக்டர் இளம் பெண். அறை ஜில்லென்று இருந்தது. அம்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "என்னம்மா இது?"

"துணியில குறை இருந்தா எங்க ஆலையில இப்படித்தான் ஒட்டுவோம். போன தடவை பாத்தவங்க தாண்டிப் போயிட்டாங்க. நீங்களும் தாண்டிடக் கூடாதுன்னு ஒட்டியிருக்கேன். தப்பா நெனச்சுக்காதீங்க. நெனச்சாலும் பரவாயில்லை, பாத்துட்டு நெனச்சுக்குங்க."

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தாள். அம்பின் நுனி இருந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். ஸ்டிக்கரைப் பக்குவமாக உரித்து ஸ்கேன் மிஷினின் ஓரத்தில் ஒட்டினாள். பிறகு கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அந்தப் புள்ளியில் வைத்தாள். இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. தலையைத் திருப்பச் சொன்னாள், விழுங்கச் சொன்னாள், கருவியைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். விசைப்பலகையில் டக் டக் என்று ஏதோ அளந்தாள்.

"சொல்லுங்க டாக்டர். பூசி மெழுகாதீங்க."

"ஒண்ணு இருக்கும்மா. பின்பக்கமா ஒளிஞ்சிருக்கு. ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதைப் பாத்தா எனக்கு நல்லதாத் தோணலை. ஊசி போட்டு எடுத்துப் பரிசோதிக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளே தொடர்ந்தாள். "முன்னாடி பாத்தவங்களை முழுசாக் குத்தம் சொல்ல முடியாதும்மா. இத்தனை வருஷ அழற்சியில சுரப்பி முழுக்கக் கரடுமுரடா இருக்கு. அதுக்கு நடுவுல இந்த மாதிரி ஒண்ணு இருந்தா லேசுல கண்ணுக்குப் படாது. நீங்க இடத்தைக் காட்டியிருக்கலைன்னா..." கருவியைத் துடைத்து மாட்டினாள்.

படுத்திருந்தபடியே இவளுக்கு அந்த ஜாக்கெட் குவியல் ஞாபகம் வந்தது. கண் கலங்கியது, கோபத்திலா நிம்மதியிலா என்று அவளுக்கே தெரியவில்லை. "முரட்டுத் துணி டாக்டர். நானே ஒரு தடவை ஏமாந்திருக்கேன்" என்றாள்.

ஊசி போட்டு எடுத்ததன் முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவள் தவறாமல் வேலைக்குப் போனாள். ஒன்பதாம் நாள், அறுவை செய்யப்போகிற டாக்டரின் அறை. தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். கணவரும் கூட வந்திருந்தார். தைராய்டில் வரும் புற்றுநோய், அதிலும் மெதுவாக வளர்கிற வகை, சீக்கிரமே பிடித்துவிட்டோம், எடுத்துவிடலாம் என்றார். கணவருக்குக் 'புற்றுநோய்' என்ற சொல்லுக்கு அப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இவள்தான் பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர். எனக்கு இருந்த தைராய்டுதான் முத்திப்போய் இப்படி ஆயிடுச்சா?"

"நல்ல கேள்வி. நேர்மையாச் சொல்லணும்னா, முழுசா யாருக்கும் தெரியாது. இந்த அழற்சியும் இந்தப் புற்றுநோயும் ஒரே கழுத்துல சேர்ந்து இருக்கிறதை நிறையப் பாக்குறோம். வருஷக்கணக்கா இருக்கிற அழற்சி இதுக்கு வழி பண்ணுதுன்னு சிலர் சொல்றாங்க. புற்றுநோயை எதிர்த்து உடம்பு போடுற சண்டைதான் அழற்சியாத் தெரியுதுன்னு வேற சிலர். அழற்சி இருக்கிறவங்க அடிக்கடி பரிசோதனைக்கு வர்றதால அதிகமாக் கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான்னு சொல்றவங்களும் உண்டு. ஒண்ணு மட்டும் நிச்சயம். இந்த நோய் இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் வர்றதே இல்லை. ரெண்டும் சேர்ந்து வந்தவங்க மத்தவங்களைவிட மோசமாப் போறதும் இல்லை. கொஞ்சம் நல்லாவே தேறி வர்றாங்கன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க."

"அப்போ மாத்திரை காரணம் இல்லை?"

"இல்லவே இல்லை. சுரப்பியை முழுசா எடுத்துட்டா, மாத்திரைதான் உங்களுக்கு ஆயுசுக்கும் துணை."

"அது ஏற்கெனவே விழுங்கறதுதானே. அப்போ புதுசா என்ன கஷ்டம்?" என்றாள். டாக்டர் சிரித்தார். பிறகு புதுசான கஷ்டத்தையும் சொன்னார். சுரப்பிக்குப் பின்னாலேயே குரலுக்கான நரம்பு போகிறது. கட்டி அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. பத்திரமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கம்மலாம், சிலருக்கு அந்தக் கம்மல் அப்படியே நிலைத்துவிடுவதும் உண்டு.

அதுவரை அசையாமல் இருந்தவளுடைய முகம் அப்போதுதான் மாறியது. குரல் போனால் மேசை போயிற்று. ஓடுகிற துணியைச் சத்தம் போட்டு நிறுத்த முடியாதவளை யார் அங்கே வைத்துக்கொள்வார்கள்? "நரம்பைப் பாத்துப் பண்ணுங்க. ஆனா நரம்புக்காகக் கட்டியில ஒரு துளிகூட விட்டு வைக்காதீங்க. எனக்கு அரைகுறை வேலை புடிக்காது" என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் கணவருடைய பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். வார்னிஷ் வாசனையும் செம்புக் கம்பியுமாக இருக்கும் சின்ன அறை. அவர் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றை வாய்விட்டு எண்ணுவது அவர் வழக்கம். எண்பத்து நாலு, எண்பத்தைந்து என்று வந்தவர் இவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எண்ணிக்கை தப்பிப்போயிற்று. இருபத்தாறு வருடத்தில் அவருக்கு எண்ணிக்கை தப்பி அவள் பார்த்ததில்லை.

"அந்த மாத்திரை டப்பாவை மாசாமாசம் நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார். "எதுக்கு இது, உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு நாள் கேட்டேனா? தொட்டுப் பாருன்னு சொன்னே. தைராய்டுதானேன்னு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டேன்." அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்கும்தான் வந்தது. ஆனால் விடுவாளா? "நான் இன்னும் போகலை, இங்கதான் நிக்கிறேன். அழுறதா இருந்தா சாப்பிட்டுட்டு அழுங்க, ஆறிப்போயிடும்" என்று டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் கம்பியை முழுவதும் பிரித்துவிட்டு, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கட்டி அதற்குள்ளேயே அடங்கியிருந்தது, வெளியே எங்கும் பரவவில்லை. குரல்தான் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. நரம்பு அறுபடவில்லை, அதிர்ந்திருக்கிறது, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். வாழ்க்கையில் பொறுத்திருந்தே பழக்கமில்லாதவள், இப்போது திட்டவும் வழியில்லாமல் பொறுத்திருந்தாள். நாத்தனார் தினமும் வந்து சமைத்துப் போட்டாள். கூடவே, "வெளிய யார்கிட்டயும் கேன்சர்னு சொல்லிக்காதீங்க அண்ணி. நாளைக்கு உங்க பொண்ணு படிச்சு முடிச்சதும் வரன் பாக்கணும். கழுத்துல ஒரு துப்பட்டாவைச் சுத்திக்குங்க" என்றும் சொன்னாள். பதில் சொல்லக் குரல் இல்லாததால் இவள் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள்: "என்னைத் தெரிஞ்சும் இதைச் சொல்றியே, உனக்குத் தைரியம் ஜாஸ்தி." நாத்தனார் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். கழுத்தில் ஒன்றும் சுற்றவில்லை. குறுக்கே சிவப்பாக ஒரு கோடு, எல்லோர் கண்ணிலும் படும்படி. சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி, "வெளியாளுங்க வந்து போற இடம்கா, ஒரு துணியைக் கட்டிக்கிட்டா..." என்று இழுத்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குறையைக் கண்டுபிடிச்ச இடத்தை நான் என்னிக்காவது மூடி வெச்சிருக்கேனா?" என்று கரகரத்தாள். பக்கத்தில் நின்றவருக்குத்தான் அது கேட்டது. மேசை விளக்கைப் போட்டாள். துணி நகர்ந்தது. மூன்றாவது ரோலில் ஒரு முடிச்சு. வாயைத் திறந்தாள். கரகரவென்று, உடைந்து, பாதி காற்றும் பாதி சத்தமுமாக வந்தது: "நிறுத்து!"

கூடத்தின் மறுகோடியில் இஸ்திரி போடுகிறவள் பெட்டியைத் தூக்கினாள்.

அந்த இஸ்திரிக்காரிதான் அன்று சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏழு வருடமாக அவளும் அதே மாத்திரை, அதே கிளினிக். "அக்கா, எனக்கும் வந்துடுமா? எனக்கும் ஒரு அம்பு குடுங்கக்கா, ஒட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். கண்ணில் உயிர் இல்லை.

"கையில ஏதாவது தட்டுதா?"

"இல்லக்கா."

"தட்டாத இடத்துல ஒட்டுனா அது பொய். நம்ம தொழில்ல அதுவும் தப்புதான். நெறைய பேருக்கு வர்றதே இல்லைன்னு பெரிய டாக்டரே சொன்னாரு. ஆனா வந்திருக்கா இல்லையான்னு ஒருத்தர் ஒழுங்காத் தொட்டுப் பாத்துச் சொல்லணும். சாயங்காலம் கெளம்பு, நானும் வர்றேன்."

கிளினிக்கில் அதே கூட்டம். முறை வந்ததும் இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் இஸ்திரிக்காரியின் சீட்டை வாங்கிக்கொண்டு, "நார்மல்" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது பின்னால் நிற்கிறவளின் கழுத்தைப் பார்த்தார். அந்தக் கோடு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேனா அப்படியே நின்றது.

"எப்போம்மா?"

"ஏழு வாரம் ஆகப்போகுது. நீங்க அன்னிக்கு ரெண்டு விரலால அழுத்திப் பாத்துட்டுப் பேனாவை மூடினீங்களே, அதே இடம்தான்." ஆஸ்பத்திரித் தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்தும் நிமிரவில்லை. மன்னிப்பு என்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அதுக்காக வரலைங்க. அது எனக்கு வேண்டாம்" என்றாள் அவள், அந்த உடைந்த குரலில். "இவ கழுத்தைப் பாருங்க. மேசைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ரெண்டு விரலால இல்லை. எழுந்து வந்து, பின்னாடி நின்னு, ரெண்டு கையாலயும். முரட்டுத் துணியை அப்படித்தான் பாக்கணும்."

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். உருளவில்லை, எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து இஸ்திரிக்காரியின் பின்னால் நின்றார். இரண்டு கையையும் அவள் கழுத்தில் வைத்து, "விழுங்கும்மா" என்றார். அவள் விழுங்கினாள். "இன்னொரு தடவை." விரல்கள் மெல்ல நகர்ந்தன. அவர் கண்ணை மூடியிருந்தார்.

"கட்டி எதுவும் தட்டலைம்மா. ஆனா இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் பாத்துடலாம். எழுதித் தர்றேன்" என்றார்.

இஸ்திரிக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். இருவரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். பெஞ்சில் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் எழுந்தாள். திறந்திருந்த கதவு வழியாக அம்பு அக்கா திரும்பிப் பார்த்தாள். டாக்டர் இன்னும் உட்காரவில்லை. காலால் அந்தச் சக்கர நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.